அடைக்கலம் போட்ட கொந்தரப்பு

இனிமேல் பால் விலை என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், என்னைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன்.

அப்போது என் வாயில் பிரஷ் இருந்தது. பெரிய முடிவுகளை நான் பல் விளக்கும்போதுதான் எடுப்பேன். வாய் நிறைய நுரை இருந்தால் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

என் பெயர் அடைக்கலம். கஹவத்தையிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, இருபது நிமிஷம் மேட்டில் நடந்தால் எங்கள் லயம், தோட்டத்து வரிசை வீடுகள். இருபத்திரண்டு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்துவிட்டு இப்போது இரண்டு பசு மாடுகளுக்கு மெனேஜராக இருக்கிறேன். ஒன்று சிவப்பி, இன்னொன்று மூக்குத்தி. புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது போன்ற சில்லறை வேலைகளை என் மனைவி கிருஷ்ணகுமாரி பார்த்துக்கொள்வாள். கொழுந்து பறிக்கப் போவதற்கு முன்னால் பாதி, வந்த பிறகு பாதி. மற்றதெல்லாம் நான்தான். மற்றது என்ன என்று கேட்கிறீர்களா? நிர்வாகம்.

நிர்வாகத்தில் எனக்கிருந்த ஒரே தலைவலி, சந்தியில் இருக்கும் பால் சென்டர். அங்கே ஒரு கறுப்புப் பலகை தொங்கும். அதில் சோக்கட்டியால் விலை எழுதுவார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று தடவை அழித்து எழுதினார்கள். நூற்றைந்து, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றிரண்டு. மழை பெய்து புல் செழித்தால் எல்லா மாடும் அள்ளிக் கறக்கும். பால் ஏறும், விலை இறங்கும். வெயில் அடித்தால் விலை ஏறும். ஆனால் அப்போது பார்த்து மாடு கறக்காது. போதாக்குறைக்கு அந்தச் சென்டர் பையன் பாலில் மீட்டரை விட்டுப் பார்த்து, "கொழுப்பு கொறவுண்ணே" என்று இன்னும் இரண்டு ரூபா கழித்தான். என்னைப் பார்த்துக் கொழுப்புக் குறைவு என்று சொன்ன முதல் ஆள் அவன்தான். என் மனைவி இருபத்தைந்து வருஷமாக நேர்மாறாகத்தான் சொல்லி வருகிறாள்.

வாயைக் கொப்பளித்தேன். சட்டையைப் போட்டேன். நேரே கஹவத்தை டவுனுக்கு, அஸீஸ் நானாவிடம் போனேன்.

அஸீஸ் நானா தயிரும் யோகட்டும் போட்டு ஊரெல்லாம் கொடுக்கிறவர். மழையோ வெயிலோ, அவருக்குத் தினமும் பால் வேண்டும். ஒரு வருஷத்துக்கு ஒரே விலை, லீட்டர் நூற்றுப் பத்து ரூபா. அவருடைய வேனே சந்திக்கு வந்து எடுத்துக்கொள்ளும். கேட்டவுடன் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுவும் நூற்றுப் பத்து ரூபாப் பால்!

வீட்டுக்கு வந்து குமாரியிடம் சொன்னேன். அவள் கினிப்புல் கட்டை முற்றத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"முழுப் பாலுமா குடுக்கப் போறீங்க?"

"முழுப் பாலும்தான்."

"பாதிய நானாவுக்குக் குடுப்போம். பாதிய சென்டருக்கு ஊத்துவோம். வெல ஏறுனா அதுல கெடைக்கும், எறங்குனா இதுல தப்பிச்சுக்குவோம்."

"பாதி பாதியாப் பிய்க்க இது என்ன பேக்கரிப் பணிஸா?"

"சரி, புண்ணாக்கு?"

"புண்ணாக்குக்கு என்ன?"

"பால் வெலய ஒரு வருசத்துக்குக் கட்டிப் போடுறீங்க. புண்ணாக்கு வெல அவுந்து ஓடுனா என்னா செய்றது?"

"குமாரி, நாங்க விக்கிறது பாலு. புண்ணாக்கு இல்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமாங்க. புண்ணாக்க யாரு வாங்கப் போறா?" என்றாள்.

அதில் இரண்டாவது அர்த்தம் ஏதாவது இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு வருஷக் கொந்தரப்பில், அதாவது ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் என் வாழ்க்கையின் பொற்காலம். சென்டர்ப் பலகையில் விலை எண்பத்தைந்துக்கு விழுந்தது. எனக்கு நூற்றுப் பத்து! பக்கத்து லயத்து வெள்ளையம்மா சென்டருக்குப் பால் ஊற்றுகிறவள். அவள் வெறும் கேனை ஆட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் நான் வாசலில் நின்று, "இன்னைக்கு எவ்வளவு போட்டான்?" என்று கேட்பேன். அவள் சொல்வாள். நான் நாக்கைச் சப்புக் கொட்டுவேன். அனுதாபத்தில்தான்.

அப்புறம் டொலர் ஏறியது.

டொலருக்கும் மூக்குத்திக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்தேன். டொலர் ஏறியதும் வெளிநாட்டிலிருந்து வரும் பால்மாப் பைக்கட், அதாவது பால் பவுடர், கடைகளில் காணாமல் போனது. பால்மா காணாமல் போனதும் டவுன்காரர்களுக்குத் திடீரென்று மாட்டின் ஞாபகம் வந்தது. பலகையில் நூற்றுப் பதினைந்து. பிறகு நூற்று முப்பது. பிறகு நூற்றைம்பது. இப்போது வெள்ளையம்மா என் வாசலில் நின்று போனாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அண்ணே, இன்னைக்கு நூத்தி அறுபத்தஞ்சு."

"சரி."

"நாளைக்கு இன்னும் ஏறும்னு பேசிக்கிறாங்க."

"சரின்னு சொன்னேன்ல!"

"ஒங்களுக்கு நூத்திப் பத்துதானேண்ணே?" என்று கேட்டுவிட்டு அவளும் நாக்கைச் சப்புக் கொட்டினாள். கொந்தரப்பு எனக்குள் கொந்தளிப்பாகிவிட்டது.

இவ்வளவும் நான் தாங்கியிருப்பேன். புண்ணாக்குதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு மூடை விலை இரண்டு மடங்கானது. வாங்குவதைக் குறைத்தேன். சிவப்பி ஒரு லீட்டர் குறைத்தாள். மூக்குத்திக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. குமாரி கொழுந்துச் சம்பளத்தில் ஒரு மூடை வாங்கி, தானே தலையில் வைத்து மேடேறி வந்தாள். இறக்கி வைத்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சோறு போட்டாள். அப்போதும் பேசவில்லை. ஏசுகிற குமாரியை எனக்குத் தெரியும். பேசாத குமாரியை எனக்குப் பழக்கமில்லை.

கடைசியில் அவளே சொன்னாள். "இப்பிடியே போனா இன்னும் ரெண்டு மாசத்துல ஒரு மாட்ட வித்துத்தாங்க இன்னொரு மாட்டுக்குத் தீனி போடணும்."

மறுநாள் காலை மறுபடியும் பிரஷை எடுத்தேன். இந்தத் தடவை கொந்தரப்புக் காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். ஏழு தடவை படித்தேன். ஏழாவது தடவை கண்ணில் பட்டது: 'அடைக்கலம் ஆகிய எனக்குச் சொந்தமான மாடுகளின் பால் முழுவதையும்...'

எனக்குச் சொந்தமான! அப்படியென்றால் எனக்குச் சொந்தமாக மாடே இல்லாவிட்டால்?

பிரஷை விழுங்கப் பார்த்தேன். கொழும்பில் கறுப்புக் கோட்டுப் போட்டவர்களுக்குக்கூட இந்த மூளை வராது.

"குமாரி! மாடு ரெண்டையும் ஒம்பேருக்கு மாத்திடுறேன்!"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

"மாடு ஒம்பேர்ல இருந்தா எங்கிட்ட மாடு இல்ல. மாடு இல்லன்னா பாலு இல்ல. பாலு இல்லன்னா கொந்தரப்பு இல்ல. சென்டர்ல போயி முழு வெலைக்கு ஊத்துவோம்."

"அது நானாவ ஏமாத்துறதுங்க."

"ஏமாத்துறது இல்ல. சட்டம்."

"வேணாங்க. நாளைக்கு நீங்களே திருப்பித் தான்னு கேப்பீங்க. வீட்டுக்குள்ள சண்ட வரும்."

"கேக்கவே மாட்டேன்."

"இப்ப சொல்லுவீங்க."

"முருகன் மேல சத்தியமாக் கேக்க மாட்டேன். போதுமா?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு, மனசே இல்லாத மாதிரி தலையை ஆட்டினாள். "அப்ப வவுச்சர முறையா மாத்துங்க. அரகொறையா செஞ்சி நாளைக்கி மாட்டிக்கிட்டா எனக்குத்தான் அவமானம்" என்றாள்.

மாடு யாருக்குச் சொந்தம் என்று காட்டும் வவுச்சரைத்தான் சொன்னாள். இரண்டு பேரும் கிராம சேவகர் கந்தோருக்குப் போனோம். அவர் காகிதங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நோனாடத தென்னே?" என்றார். மனைவிக்கா கொடுக்கிறாய் என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் குமாரி சுத்தமான சிங்களத்தில், "ஒவ் மாத்தயா, மகே நமட்ட" என்றாள். ஆமாம் ஐயா, என் பெயருக்குத்தான். சொல்லிவிட்டு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் அவளே காட்டினாள். கிராம சேவகர் என்னை இன்னொரு தடவை பார்த்தார். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் குமாரி சாமான் வாங்க டவுனுக்குப் போய் வந்தாள். அதற்கு மறுநாள் நான் போனேன்.

பஸ்ஸிலேயே முகத்தைத் தயார் செய்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். வாந்தி வருகிறது என்று நினைத்திருப்பார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது சோகம்.

"வாங்கொ அடைக்கலம், இரிங்கொ," என்றார் அஸீஸ் நானா. 'சொல்' என்பது அவர் வாயில் 'செல்' என்றுதான் வரும். நான் உட்காருவதற்கு முன்னாலேயே ஒரு பிளேன்டீ வந்தது.

"நானா, ஒரு கெட்ட செய்தி. மாடு ரெண்டையும் வித்துட்டேன்."

"அல்லாஹ்வே! ஏன்?"

"ஒடம்பு முடியல நானா. டொக்டர் மாட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. மாட்டப் பாத்தாலே மூச்சு வாங்குது."

"யாருக்கு வித்தீங்க?"

"தூரத்து ஆளுக்கு."

"எவ்வளவு தூரம்?"

நான் இதை யோசித்து வரவில்லை. "பலாங்கொடப் பக்கம்," என்றேன்.

"நல்ல ஆளா? மாட்ட ஒழுங்காப் பாத்துக்குவாங்களா?"

"மாட்ட நல்லாப் பாத்துக்குவாங்க நானா. வாய்தான் கொஞ்சம் கூட."

அஸீஸ் நானாவுக்கு இருமல் வந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நிறைய நேரம் இருமினார். தோளெல்லாம் குலுங்கியது. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பலாங்கொடக்காரங்க நேத்து வந்துட்டுப் போனாங்க," என்றார்.

காகிதத்தின் அடியில் கையெழுத்து. கிருஷ்ணகுமாரி அடைக்கலம்.

பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"உங்கட திட்டத்த ஒண்டு விடாமச் செல்லிட்டாங்க. வீட்டுக்காரர் நாளைக்கு அழுதுட்டு வருவாரு, வந்தவொடன ஒரு டீ குடுங்கொ எண்டும் சென்னாங்க. டொக்டர் கதயத்தான் செல்லல்ல. அது நீங்களாச் செஞ்சதா?"

"பஸ்ல வரும்போது" என்றேன்.

"எனக்குப் பால் தந்த ஆக்கள்ல ஒம்பது பேர் இந்த மாசம் செல்லாமக் கொள்ளாம நிண்டுட்டாங்க அடைக்கலம். வேன் போய்ச் சும்மா வருது. உங்கட வீட்டம்மா மட்டும்தான் நேர வந்து, இந்த வெலைக்கு மாடு செத்துப் போகும் நானா, ஆனா உங்கள விட்டுட்டு ஓடவும் மனசில்லண்டு சென்னாங்க. வெக்கமாப் போச்சு எனக்கு."

அவள் பேசி முடித்திருந்த புதுக் கொந்தரப்பு இதுதான். பாதிப் பால் மட்டும் அஸீஸ் நானாவுக்கு, நூற்றைம்பது ரூபாவுக்கு. புண்ணாக்கு மூடை ஏறினால் பால் விலையும் அதற்கேற்ப ஏறும். மூடை இறங்கினால் அவரும் இறக்கலாம், ஆனால் நூற்றைம்பதுக்குக் கீழே போகக் கூடாது. மிச்சப் பாதியை அவள் யாருக்கு வேண்டுமானாலும் ஊற்றுவாள். இனி வேன் வர வேண்டாம். பால் காலை ஆறரைக்குக் கடைக்கே வந்து சேரும்.

பழைய காகிதத்தை அவர் என் கண் முன்னால் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூடை இறங்கிய மாதிரி இருந்தது.

"இதுல நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார்.

சாட்சிக் கையெழுத்து என்று நினைத்தேன். வாசிக்கவில்லை. இரண்டு கோடும் இழுத்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் வெட்கமெல்லாம் ஆறிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நான் போட்ட திட்டம் அப்படியே பலித்திருக்கிறது. கொந்தரப்பு ஒழிந்ததா? ஒழிந்தது. விலை ஏறியதா? ஏறியது. புருஷன் பேரில் இருந்தால் என்ன, பெண்சாதி பேரில் இருந்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் ஆண்பால், பெண்பால் என்று படித்தோம். ஆண்பாலை யார் எங்கே கறந்திருக்கிறார்கள்? எல்லாம் பெண்பால்தானே!

"பாத்தியா குமாரி, நான் நெனச்ச மாதிரியே முடிஞ்சிருச்சு."

"ஆமாங்க. நல்லவேள நீங்க யோசிச்சீங்க," என்றாள். "காலையில அஞ்சரைக்குப் பஸ்ஸு. நேரத்தோட படுங்க."

"எதுக்கு?"

"பால யாரு கொண்டு போறது?"

"யாரு?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க!"

அவளிடம் இருந்த பிரதியை வாங்கிப் படித்தேன். என் இரண்டு கோடுகளுக்கு மேலே அழகாக எழுதியிருந்தது: 'தினமும் பாலைக் கடையில் ஒப்படைக்கும் பொறுப்பு அடைக்கலத்தினுடையது.' வேன் செலவு மிச்சமாகிறது என்றுதான் நானா நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டாராம். அதாவது லீட்டருக்கு லீட்டர் என் முதுகை விற்றிருக்கிறாள்.

"மாட்ட மறுபடி என் பேருக்கு மாத்து!" என்று கத்தினேன்.

"முருகன்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. மாத்திருவோம்," என்றாள்.

மறுநாள் ஐந்தரை பஸ்ஸில் இருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பழகிவிட்டால் அதுவும் நிர்வாகம்தான். கண்டக்டர் கேனுக்கென்று முன்னால் ஓர் இடம் ஒதுக்கித் தந்தான். அஸீஸ் நானா தினமும் ஒரு பிளேன்டீ தந்தார். டொக்டர் என்ன சொல்கிறார் என்று தினமும் கேட்டார். மூக்குத்தியின் விலா எலும்பு ஒவ்வொன்றாக மறைந்தது. சிவப்பி விட்ட லீட்டரைத் திருப்பித் தந்தாள். குமாரி பேச ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை.

ஆறேழு மாதத்தில் பால்மா மறுபடியும் கடைக்கு வந்தது. டவுன்காரர்கள் மாட்டை மறந்தார்கள். பலகையில் நூற்றெண்பது வரை போன விலை நூற்று நாற்பதாகி, நூற்றிருபதாகி, ஒரு திங்கட்கிழமை நூற்றெட்டில் வந்து நின்றது. எங்கள் பாதிப் பாலின் விலை அசையவில்லை. நூற்றைம்பதில் நங்கூரம் போட்டு நின்றது.

நான் மறுபடியும் வாசலில் நிற்க ஆரம்பித்தேன். லயத்தில் யாரைப் பார்த்தாலும் பாதி பாதித் தத்துவத்தை விளக்கினேன். "முழுசா ஒரே எடத்துல கட்டிப் போடக் கூடாது. தீனிக்கும் சேத்து எழுதணும். இதெல்லாம் அனுபவம்," என்பேன். அனுபவம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளையம்மா வந்தாள். தனியாக வரவில்லை. பின்னால் இன்னும் ஐந்து பெண்கள். எல்லோரும் சென்டருக்குப் பால் ஊற்றுகிறவர்கள். எல்லோர் முகத்திலும் நூற்றெட்டு ரூபா. ஆளுக்கொரு கேன் வேறு கையில்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆலோசனை கேட்டு வந்திருக்கிறார்கள். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஒரு கொந்தரப்புன்னா என்னா? மொதல்ல அத வெளங்கிக்கணும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு தடவைக்கு ஏழு தடவ வாசிக்கணும்..."

"அண்ணே," என்றாள் வெள்ளையம்மா.

"கடைசியாக் கேள்வி கேளு. இப்ப கவனி. அஸீஸ் நானா மாதிரி ஆளுகிட்டப் பேசுறதுக்கு ஒரு முறை இருக்கு. தனித்தனியாப் போகக் கூடாது. எல்லாரும் ஒண்ணாச் சேந்து..."

"அண்ணே, அதெல்லாம் அண்ணி நேத்தே டவுனுக்குப் போயிப் பேசி முடிச்சிட்டாங்க. எங்க ஆறு வீட்டுப் பாதிப் பாலும் ஒரே கொந்தரப்பு. வெல ஏறுனாலும் நிறுத்தாம ஊத்துவோம்னு சொன்னதால நானா ஒத்துக்கிட்டாரு, ஒங்க வெலதான் எங்களுக்கும்."

நான் மாட்டுப் பட்டிப் பக்கம் திரும்பினேன். குமாரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்குத்தியைக் கறந்துகொண்டிருந்தாள். வாளியில் சர் சர் என்று பால் விழுந்தது.

"அப்ப நீங்க எல்லாரும் எதுக்கு வந்தீங்க?"

"கேன எங்க வைக்கிறதுன்னு பாத்துட்டுப் போக வந்தோம். நாளைக்கிலருந்து எங்க பாலும் நீங்கதானே கொண்டு போறீங்களாம்?"

ஆறு கேன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய கேனுக்கு மூடி சரியாக இறுகுமா என்று மட்டும் கேட்டேன்.